அடுத்த பாட்டு யார் கையில்?

கொங்குப் பக்கத்துத் தனியார் பஸ்ஸில் பாட்டு இல்லாத பயணம் கிடையாது. கோபியிலிருந்து குன்னத்தூர், பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர் போகிற காலை நேரத்து பஸ்களில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். டிரைவர் பக்கத்தில் செருகிய பென்டிரைவ் ஒன்றுதான் அத்தனை பேருக்கும் பொதுச் சொத்து. சாமி பாட்டு முடிந்த கையோடு குத்துப் பாட்டு வரும். அது முடிவதற்குள் சோகப் பாட்டு ஒன்று வந்து குறுக்கே விழும். டிரைவருக்கு ரசனை போதாது என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். பாவம், அவர் அந்த வரிசையைப் போடவே இல்லை.

மலிவான செட்டுகள் பல, பாட்டின் பெயரைப் பார்ப்பதே இல்லை. பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதுதான் முதல் பாட்டு. நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால், அழித்ததன் இடம் காலியாக இருப்பதால் புதுப்பாட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளவும் கூடும். எண்பதுகளின் மெலடிகளுக்கு நடுவே போன மாதப் படத்தின் பாட்டு முளைப்பது இப்படித்தான். செல்போன் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அது பெயரைப் பார்க்கிறது. ஆனால் எண்ணை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படிக்கிற ப்ளேயராக இருந்தால் 1-க்கு அடுத்து 10, 11, 12 என்று ஓடி, அதற்குப் பிறகுதான் 2 வரும். ஒற்றை இலக்கங்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு 01, 02 என்று பெயர் வைத்தால் தீர்ந்தது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த செல்போன் கடைப் பையன்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். லட்சக்கணக்கில் பாட்டு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் ஆப்களில் தமிழ்ப் பாட்டுக்கு இந்த அளவு அக்கறையைக்கூடக் காணோம் என்பதுதான் வருத்தம்.

பாட்டின் வரிசை ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். கை சும்மா இருக்கிறவருக்கு இல்லைதான். பிடிக்காத பாட்டு வந்தால் தள்ளிவிட்டுப் போவார். ஓவர்லாக் மெஷினிலோ பேட்லாக்கிலோ உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கு இரண்டு கையும் துணியில் இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் போனைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் ஒரு பீஸ் பின்தங்குகிறார். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. எட்டரைக்கும் பதினோரு மணி டீக்கும் நடுவில் மட்டும் இரண்டரை மணி நேரம். ஒரு பாட்டு நாலரை நிமிஷம் என்று வைத்தால் முப்பத்து மூன்று பாட்டு. அந்த முப்பத்து மூன்றும் எந்த முறையில் வருகின்றன என்பது அவருக்குச் சின்ன விஷயம் ஆகாது.

பாட்டுக்கு வரிசை போடுகிற இந்த வேலையை ஒரு காலத்தில் ஆள் வைத்துச் செய்தார்கள். கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வருகிற ரேடியோ செட்டுக்காரர்தான் அந்த ஆள். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு, வெயில் ஏறினால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, பந்தி நடக்கும்போது ஒரு ரகம், பொண்ணு மாப்பிள்ளை வருகிறபோது வேறு ரகம். சீர் கொண்டுவருகிற நேரத்தில் சோகப் பாட்டு ஓடினால் ஊரே அவரைத் திட்டும். இசைத்தட்டுப் பெட்டியை அவர் அடுக்கி வைத்திருந்த முறையே அவருடைய தொழில் ரகசியம்.

பிறகு கேசட் வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு பாட்டு தாராளமாகப் போகும், ஏழாவது சில சமயம் பாதியில் நிற்கும். அதனால் எழுதிக் கொடுக்கிறவர் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் மனசில் கணக்குப் போட்டார். முதல் பாட்டு எது, பக்கத்தைத் திருப்பியதும் எது என்பதை யோசித்து எழுதினார். காதலிக்குக் கொடுக்கிற கேசட் என்றால் அந்த யோசனை ஒரு வாரம்கூட நீளும்! வசதிக் குறைவு வரிசைக்கு மதிப்பைக் கொடுத்தது. இன்று போனில் ஐயாயிரம் பாட்டு இருக்கிறது. வரிசை என்று ஒன்றும் இல்லை.

இன்னும் பின்னால் போனால், இந்த அடுக்குகிற கலையில் தமிழர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பது தெரியும். குன்னத்தூரிலிருந்து அதிக தூரம் இல்லாத இரண்டு கோயில்களையே எடுத்துக்கொள்ளலாம். அவிநாசியிலும் திருமுருகன்பூண்டியிலும் சுந்தரர் பாடிய பதிகங்கள் ஏழாம் திருமுறையில் இருக்கின்றன. தேவாரத்தைப் பண்முறைப்படி அடுக்கிய பதிப்பில் பூண்டிப் பதிகம் 49-ஆவது, பண் பழம்பஞ்சுரம். அவிநாசிப் பதிகம் 92-ஆவது, பண் குறிஞ்சி. நடுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிகங்கள். தலமுறைப்படி அடுக்கிய பதிப்பைத் திறந்தால் இரண்டும் கொங்கு நாட்டுத் தலங்கள் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். பாடப் பயில்கிற ஓதுவாருக்குப் பண்முறை, தலயாத்திரை போகிற அடியாருக்குத் தலமுறை. ஒரே பாட்டுத் தொகுதி, கேட்கிறவர் தேவைக்கு ஏற்ப இரண்டு வரிசை. இன்றைய ப்ளேயரில் ‘வரிசைப்படுத்து’ என்ற பட்டன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

வரிசைப்படுத்த வேண்டுமானால் பாட்டைப் பற்றிய விவரம் பாட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். அதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. பரிபாடலில் நமக்குக் கிடைத்திருக்கிற பாடல்கள் பலவற்றின் அடியில் இயற்றியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது என்ற குறிப்பு இருக்கிறது. மூன்றாம் பாடலுக்கு இயற்றியவர் கடுவன் இளவெயினனார், இசை பெட்டனாகனார், பண் பாலையாழ். அந்தப் பாடல்கள் நிற்கிற வரிசையும் பண்ணை ஒட்டியதுதான்: பாலையாழ்ப் பாடல்கள் ஒரு கூட்டம், அடுத்து நோதிறம், அதற்கடுத்துக் காந்தாரம். உ.வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்தபோது இந்தக் குறிப்புகளையும் சேர்த்தே அச்சேற்றினார்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அதையே குரலால் செய்தது. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அறிவித்த காலத்தில் தமிழ்நாட்டு நேயர்கள் பாட்டை மட்டும் கேட்கவில்லை. படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று விவரத்தையும் சேர்த்துக் கேட்டுப் பழகினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள்கூட எது கண்ணதாசன் பாட்டு, எது வாலி பாட்டு என்று சொன்னதற்கு அந்த அறிவிப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

இப்போது போனில் இருக்கும் எம்பி3 கோப்புக்கு வருவோம். அந்தக் கோப்புக்குள் விவரம் எழுதும் முறை 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் உண்டாக்கியது. கோப்பின் கடைசியில் 128 பைட் இடம். அதில் பாட்டுப் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4 என்று பங்கு. பாட்டு என்ன வகை என்று சொல்ல எண்பது வகைகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பாவின் போல்கா நடன இசைக்குக்கூட ஓர் எண் உண்டு, இந்தியச் சினிமாப் பாட்டுக்குக் கிடையாது. அதில் பாடலாசிரியருக்கும் இடமில்லை. 1998-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ்ப் பாட்டுக் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பாடலாசிரியர் கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

காலியாக இருப்பதைவிட மோசம், குப்பையால் நிரம்பியிருப்பது. பாட்டை யார் திருட்டுத்தனமாக ஏற்றினார்களோ அந்த இணையதளத்தின் பெயர்தான் பல கோப்புகளில் பாடகர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் ஒருவர் இசையமைப்பாளரை எழுதுவார், இன்னொருவர் பாடகரை எழுதுவார், மூன்றாமவர் டூயட் பாடிய இருவரையும் கமா போட்டுச் சேர்த்து எழுதுவார். போனுக்கு அந்த ஜோடி மூன்றாவது ஓர் ஆள். இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதல் பகுதியில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும், பிற்பகுதியில் ஒரு ‘ஏ’யோ இரண்டு ‘ஏ’யோ போட்டும் எழுதுகிறார்கள். எழுதுகிற விதம் ஒவ்வொன்றுக்கும் போன் ஒரு தனி இளையராஜாவை உண்டாக்குகிறது. அவருடைய பாட்டை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று பட்டனைத் தொடுகிற டெய்லருக்குக் கிடைப்பது, அங்கங்கே சிதறிய நாலைந்து துண்டுகள்.

தமிழிலேயே எழுதிவிட்டால் பிரச்சினை தீருமா? பாதி தீரும். மீதிப் பாதி அகரவரிசையில் இருக்கிறது. கணினிக்குத் தமிழ் எழுத்துகளை எண்ணிட்டபோது ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’வை ‘ர’வுக்கு அடுத்தும், ‘ஜ’வை ‘ச’வுக்கு அடுத்தும் வைத்தார்கள். புள்ளிக்குக் கொடுத்த எண்ணோ எல்லாவற்றுக்கும் பின்னால். இந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்குகிற ப்ளேயரில் ‘தனிமை’ முதலில் வந்து ‘தமிழ்’ பிறகு வரும். ‘சங்கரன்’ முன்னால் நிற்க ‘சங்கர்’ பின்னால் நிற்பார். தமிழ் அகராதியில் இது நேர் எதிர். சரியான தமிழ் அடுக்குமுறைக்கான விதிகளை யூனிகோடு அமைப்பே தனியாகத் தொகுத்து வைத்திருக்கிறது, காசு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துப் பொருத்தாத ஆப்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

விவரம் சரியில்லாத இடத்தில் ஷஃபிள்தான் கதி என்றாகிவிடுகிறது. குலுக்கிப் போடுவதை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான குலுக்கல் மனித மனசுக்குக் குலுக்கலாகவே தெரியாது. ஐம்பது பாட்டுள்ள பட்டியலில் பத்து பாட்டு ஏ.ஆர். ரஹ்மானுடையது என்று வைத்துக்கொள்வோம். நேர்மையாகக் குலுக்கினால் அவருடைய பாட்டு குறைந்தது இரண்டு அடுத்தடுத்து வந்துவிழ நூற்றுக்கு 89 பங்கு வாய்ப்பு உண்டு. கேட்கிறவரோ, ‘மறுபடியும் அவர் பாட்டா, போன் பாரபட்சம் பார்க்கிறது’ என்பார். இந்தப் புகார் தாங்காமல்தான் 2005-இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐட்யூன்ஸில் குலுக்கலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தார். குலுக்கலாகத் தோன்றுவதற்காகக் குலுக்கலையே குறைத்தார்கள். ஸ்பாட்டிஃபையும் 2014-இல் ஒரே பாடகரின் பாட்டுகள் தள்ளித் தள்ளி விழும்படி கணக்கை மாற்றியது. ஆக, ஷஃபிளிலும் யாரோ ஒருவர் வரிசை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இங்கிலாந்துப் பாடகி அடெல், ஒரு ஆல்பத்தின் பாட்டு வரிசை காரணத்தோடு அமைந்தது என்று வாதாடி, 2021 நவம்பரில் ஆல்பங்களின் முகப்பில் ஷஃபிள் தானாக முன்னால் நிற்பதை ஸ்பாட்டிஃபையிடம் சொல்லி எடுக்க வைத்தார். பாடுகிறவர் கேட்டார், கிடைத்தது. கேட்கிறவர் கதை வேறு. அதே நிறுவனம் 2023 அக்டோபரில் இந்தியாவில் காசு கட்டாத நேயர்களுக்குப் பாட்டை வரிசையாகக் கேட்பதையும் முந்தைய பாட்டுக்குத் திரும்புவதையும் நிறுத்தியது. 2025-இல் இலவச நேயர்களும் விரும்பிய பாட்டைத் தேர்ந்து கேட்கலாம் என்று உலக அளவில் தளர்த்தியது. பறித்ததற்கும் கொடுத்ததற்கும் வியாபாரக் கணக்கு இருக்கும். அது அவர்கள் உரிமை. பாட்டின் வரிசை விலைக்கு விற்கிற பொருளாகிவிட்டது என்பதை மட்டும் கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையையே மூடிவிடுகிறவர்களும் உண்டு. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் 2024-இல் போயிற்று. வேறு ஆப்புக்கு மாற்றிக்கொள்ள வழி சொன்னாலும், அவகாசத்துக்குள் மாற்றத் தெரியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டு எங்கேயும் போகாது, மறுபடி தேடினால் கிடைக்கும். எதற்குப் பின்னால் எது என்று அடுக்கி வைத்த உழைப்பு திரும்பாது. சொந்தமாகக் கோப்புகள் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. எம்3யூ என்ற பிளேலிஸ்ட் கோப்பு எம்பி3 பரவத் தொடங்கிய தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. அது வெறும் எழுத்துப் பட்டியல், வரிக்கு ஒரு பாட்டு, அவ்வளவே. போனிலேயே திறந்து திருத்தலாம், இன்னொரு போனுக்கு அனுப்பலாம். பாட்டுகள் அங்கேயும் அதே பெயரில் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

வேலையிடத்தில் பாட்டின் வரிசையை முதலாளிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 ஜூனில், ஆயுதத் தொழிற்சாலைகளின் உற்பத்தியை மனதில் வைத்து பிபிசி தொழிலாளர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது; 1967 வரை நடந்தது. தூங்க வைக்கிற பாட்டுக்கு அதில் இடமில்லை. நடுவில் கைதட்டு வருகிற ஓர் அமெரிக்கப் பாட்டைக் கேட்டால் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று அதையும் ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் மியூசாக் நிறுவனம் கால் மணி நேரத்துக்குள் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, அடுத்த கால் மணி நேரம் அமைதியாக விட்டு, மறுபடி ஏற்றுகிற பட்டியல்களைத் தொழிற்சாலைகளுக்கு விற்றது. காது தொழிலாளியுடையது, வரிசை கம்பெனியுடையது.

திருப்பூரில் அப்படி ஒரு திட்டம் யாரும் போட்டதில்லை. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பலவற்றில் போனை உள்ளே விடுவதே இல்லை. குன்னத்தூர் வட்டாரத்துத் தறிக்குடோன்களில் பாட்டு போட்டாலும் தறிச் சத்தத்தில் காதில் விழாது. பாட்டு வாழ்வது சின்னச் சின்ன ஜாப்வொர்க் யூனிட்களில். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு போன். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு மெஷினில் உட்காருவது ஆபத்து. ஆகவே பொது ஸ்பீக்கர் நல்லதுதான். ஆனால் அந்தப் போன் யாருடையது? பெரும்பாலும் கான்ட்ராக்டருடையது, இல்லையென்றால் கட்டிங் மாஸ்டருடையது. பவர்டேபிளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்; அவர்களுக்குப் போஜ்பூரிப் பாட்டு வேண்டும், ஒடியாப் பாட்டு வேண்டும். செக்கிங்கிலும் கைமடியிலும் இருக்கிற பெண்களுக்கு வேண்டிய பாட்டு என்ன என்று யாரும் கேட்பதுகூட இல்லை. ‘அண்ணா, அந்தப் பாட்ட மாத்துங்’ என்று ஒரு குரல் எழும். அடுத்து வருவதும் அண்ணனுக்குப் பிடித்த பாட்டாகவே இருக்கும்.

இதை மாற்ற முதலாளியும் வேண்டாம், காசு கட்டுகிற ஆப்பும் வேண்டாம். ஒரே பிளேலிஸ்டில் பலர் பாட்டைச் சேர்க்கும் வசதி இப்போது பல ஆப்களில் இருக்கிறது. கோப்பாக வைத்திருக்கிறவர்கள் நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டுகூட அடுக்கலாம். பத்துப் பேர் வேலை செய்கிற யூனிட்டில் ஆளுக்கு ஐந்து பாட்டு, ஆளுக்கொன்றாக மாறி மாறி வருகிற முறையில் போட்டால் ஐம்பது பாட்டு. ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். எட்டரைக்கு ஆரம்பித்தால், நடுவில் டீக்கு நிறுத்தினாலும், பன்னிரண்டரை வரை போனைத் தொட வேண்டியதில்லை.